ஐதிக அளவையும் இக்காலச் செய்திப் பரவலும்

சிவமயம்
திருச்சிற்றம்பலம்

தோற்றுவாய்

மெய்கண்ட சாத்திரங்கள் பதினான்கனுள் வழிநூலாகிய சிவஞான சித்தியார் சுபக்கம், பதி பசு பாசங்களின் இலக்கணம் கூறப் புகுமுன்னரே அளவை யிலக்கணத்தைத் தலைக்கண் வைத்து ஓதுகின்றது. அளக்குங் கோலின் இயல்பை அறியாதான் அளந்து கண்ட பொருளும் ஐயத்திற்கு இடமாதலின், அருணந்தி சிவாசாரியர் இம்முறை கொண்டருளினர். எனினும், பாடங் கேட்கும் மாணாக்கர் பலர் இவ்வளவைப் பகுதியை வறண்ட தருக்கமென்று விரைந்து கடந்து முதற் சூத்திரத்திற் போய் நிற்கின்றனர். கற்பிப்போராகிய யாமும் பல்லாண்டு அவ்வாறே நடத்திவந்தோம். அதனை ஒளித்தலிற் பயனில்லை.

அப்பகுதியுள்ளும் மிக எளிதாகக் கடந்துவிடப்படுவது ஐதிகம் என்னும் அளவை. உரையாசிரியர்கள் ஒருவரியிற் சொல்லி முடிப்பர். ஆசிரியரும் ஒரு புன்முறுவலோடு அப்பாற் செல்வர். ஆயின், இக்காலத்து உலகரிடையே ஊரை ஊருக்குப் பகையாக்குவதும், குற்றமற்றாரை நடுத்தெருவில் அடிப்பிப்பதும் இவ்வளவையின் பிழைபட்ட வழக்கேயாம். கைப்பேசி வழியாகவும் இணைய வழியாகவும் நாடோறும் வந்து குவியும் பொய்ச்செய்திகளை நம் நூன்முறையான் ஆராய்ந்து, அவற்றை நம்புதலும் பிறர்க்கு விடுத்தலும் எத்தகைய குற்றமாம் என்று காட்டுதலே இக்கட்டுரையின் கருத்து.

ஐதிகத்தின் இலக்கணம்

அளவைகள் காண்டல், கருதல், உரை, அபாவம், பொருள், ஒப்பு என ஆறு என்பாரும், ஒழிபு, உண்மை, ஐதிகம், இயல்பு என நான்கு கூட்டிப் பத்தென்பாரும் உளர். இவையனைத்தும் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடங்கும் என்பது சித்தியாரின் துணிபு. அவற்றுள் ஐதிகமாவது, முதற்கட் சொன்னவர் இன்னாரென்று அறியப்படாமல், 'இவ்வாறு சொல்லுவர்' என வழிவழியாக வரும் உலகுரை. 'இவ்வாலமரத்தில் ஒரு பேய் உண்டு' என்பது அதற்கு வழங்கும் உதாரணம். சொல்லால் வருதலின் இஃது உரையுள் அடங்கும்.

உரை அளவையாவது அதனைக் கூறுவோனது தகுதி பற்றியே. பொருளை உள்ளவாறு அறிந்தவனும், அறிந்தவாறு சொல்பவனும், சொல்லுதலில் தனக்கென ஒரு பயன் வேண்டாதவனும் ஆகியவனை ஆப்தன் என்பர். குற்றமற்ற முதல்வனது நூல் தலையாய உரையானது இது பற்றியே. இனி, ஐதிகத்திலோ கூறுவோன் யாவனென்றே தெரியாது. தெரியாதவனை ஆப்தனென்றும் சொல்லவொண்ணாது, அல்லனென்றும் சொல்லவொண்ணாது. ஆகவே ஐதிகம் உரையென்னும் இல்லத்திற் புகுந்திருப்பினும், வாயிற்படியிலேயே நிறுத்தி வினவப்படவேண்டிய விருந்தாம்.

ஆலமரத்துப் பேயால் முன்னாளிற் பெருந்தீங்கு விளைந்ததில்லை. என்னையெனின், மரம் ஊரெல்லையில் நிற்கும். ஐயுற்றவன் பகற்போதிற் சென்று பார்த்து வரலாம். சொன்னவள் அண்டைவீட்டுப் பாட்டி. அவள் எத்தகையள் என்பதை ஊர் அறியும். நம்பினவனுக்கு வரும் இழப்பும் இரவில் அரைநாழிகைச் சுற்றுவழி நடத்தலேயன்றிப் பிறிதில்லை. இக்காலத்து ஐதிகத்திற்கு இம்மூன்று காவலும் இல்லை. மரம் நானூறு கல் தொலைவில் உள்ளது, அல்லது எங்கும் இல்லை. பாட்டியின் முகம் தெரியாது. இழப்பை ஏற்பவனோ நம்பினவன் அல்லன், யாரோ ஒரு வழிப்போக்கன்.

காண்டல்போல் வரும் ஐதிகம்

'யாம் கண்ணாரக் கண்டோம்; காணொளி இருக்கின்றது; இஃது ஐதிகமாவது எங்ஙனம்?' என்று சிலர் கடாவுவர். ஆராய வேண்டிய இடம் இதுவே.

2023ஆம் ஆண்டு மார்ச்சு மாதத் தொடக்கத்தில், பீகாரிலிருந்து வந்து தமிழ்நாட்டில் உழைக்கும் தொழிலாளர் இந்தி பேசியதற்காக அடித்துக் கொல்லப்படுகின்றனர் என்னும் செய்தி காணொளிகளோடு வடநாடெங்கும் பரவிற்று. பாட்னாச் சட்டமன்றத்தில் கூச்சல் எழுந்தது. பீகார் அரசு நால்வர் கொண்ட குழுவொன்றைத் தமிழ்நாட்டிற்கு அனுப்பிற்று. அப்போது தமிழ்நாட்டுக் காவற்றுறைத் தலைவராயிருந்த சைலேந்திர பாபு அவர்கள், காட்டப்பட்ட காணொளிகளுள் ஒன்று பீகார்த் தொழிலாளர்க்குள்ளேயே நிகழ்ந்த கைகலப்பென்றும், மற்றொன்று கோயம்புத்தூரில் உள்ளூரார் இருவர்க்கிடையே நிகழ்ந்த பூசலென்றும் விளக்கினர். பொய் பரப்பியோர்மீது வழக்குகள் தொடுக்கப்பட்டன.

இதனை அளவை நூலாற் பகுப்போம். கண்ணென்னும் வாயில் கைப்பேசியின் கண்ணாடியிற் சென்று பொருந்திற்று. அங்கே சிலர் ஒருவனை அடிக்கும் உருவம் தோன்றிற்று. இம்மட்டில் இது வாயிற்காட்சியே. ஆயின், அடிபட்டவன் பீகாரி, அடித்தவன் தமிழன், இடம் திருப்பூர், நாள் நேற்று, காரணம் மொழி என்னும் ஐந்தும் கண்ணுக்குத் தோன்றினவோ? தோன்றவில்லை. அவை படத்தின்கீழ் யாரோ எழுதிய சொற்கள். ஆகவே கண்டது காண்டலும், நம்பியது ஐதிகமுமாம். இரண்டும் ஒரே கணத்தில் வருதலின், சொல்லுக்குரிய ஐயம் கண்ணின் உறுதியால் மறைக்கப்படுகின்றது. பாலில் நீர் கலந்து விற்பான், பாலின் வெண்மையையே நீருக்குச் சான்றாகக் காட்டுதல்போலும் இது. இனிச் செயற்கை நுண்ணறிவுப் பொறிகள் நடவாததையே நடந்ததுபோல உருவமுங் குரலுமாய்ப் படைக்கும் நாள் வந்துவிட்டமையால், அந்தக் காண்டற் பகுதியும் உறுதியுடையதன்று.

கருதலளவையும் அப்பொழுது பிழைத்தது. தொழிற்பேட்டைகளுள்ள ஊர்களின் இரயில் நிலையங்களில் வடநாட்டார் கூட்டங் கூட்டமாய் ஏறுவது காட்டப்பட்டு, 'பாருங்கள், அஞ்சி ஓடுகின்றனர்' எனப்பட்டது. அவ்வாண்டு ஹோலிப் பண்டிகை மார்ச்சு 8ஆம் நாள். ஆண்டுதோறும் அப்பண்டிகைக்கு ஊர் செல்வோரும் அக்கூட்டத்துள் இருந்தனர். செய்தி கேட்டு அஞ்சிப் புறப்பட்டோரும் இருந்தனர். மலைமேல் எழும் மூடுபனியைப் புகையென்று கொண்டு, 'இம்மலை தீயுடைத்து' எனத் துணிதல் போலியேது என்று மாணாக்கர்க்குச் சொல்லுகின்றோம். இங்கே அதனினும் விந்தை யாதெனின், பனியைப் புகையென்று கூவிய கூவலே பின்னர்ச் சிறிது மெய்ப்புகையையும் உண்டாக்கிவிட்டது. பொய்யால் எழுந்த அச்சமே அப்பொய்க்குச் சான்றாயிற்று.

குற்றியோ மகனோ

மூடுபனியைச் சொன்னமையின் எம்மூர் மலைவழி நினைவுக்கு வருகின்றது. போடிநாயக்கனூரிலிருந்து முந்தல் கடந்து போடிமெட்டுக்கு ஏறும் பாதையில் கொண்டையூசி வளைவுகள் பதினேழு. மேலேறினால் ஏலத்தோட்டங்கள், அவற்றிற்கு வேலைக்குச் செல்லும் பெண்டிரும் ஆடவரும் விடியலில் ஜீப்புகளில் நெருங்கி அமர்ந்து நாடோறும் இவ்வழியே ஏறி, மாலையில் இறங்குவர். மழைக்காலத்தில் பனி இறங்கினால் பத்தடிக்கு அப்பால் யாதும் தெரியாது. வளைவோரத்தில் ஏதோ ஒன்று நெடிதாய் நிற்கும். மரக்கட்டையோ, மனிதனோ?

'குற்றியோ மகனோ' என நூல்கள் கூறும் ஐயக்காட்சி அவ்வளவில் நிகழ்கின்றது. அப்போது ஜீப் ஓட்டுவோன் செய்வது யாது? வேகத்தைக் குறைக்கின்றான், விளக்கைத் தாழ்த்தி, ஊதுகுழல் ஒலித்து, அணுகிப் பார்த்துப் பின்னர்க் கடக்கின்றான். ஐயம் அறிவின் குறையே. ஆயினும் 'யான் அறிந்திலேன்' என்பதை அது தன்னுள்ளே வைத்திருத்தலால், செயலைத் தடுத்து நிறுத்தும். திரிவோ அங்ஙனமன்று. பழுதையைப் பாம்பென்று துணிந்தவன் தடியெடுத்து ஓங்குகின்றான். அவன் கைக்குத் தடையில்லை. உயிர்கட்கு உடனே தீங்கு பயப்பது திரிவே என்க. பொய்ச்செய்தி வகுப்போன் திறமெல்லாம், கேட்போனை ஐயமென்னும் படியில் நிற்கவிடாது திரிவினுள் ஒரே தாவாகத் தள்ளுதலில் உள்ளது. 'உடனே அனைவருக்கும் அனுப்புக' என்று அச்செய்திகளின் ஈற்றில் எழுதப்படுவது அதன்பொருட்டே.

2018ஆம் ஆண்டு, பிள்ளை பிடிக்கும் கூட்டம் வடநாட்டிலிருந்து இறங்கியுள்ளதென்னும் செய்தி தமிழ்நாட்டின் வடமாவட்டங்களில் வாட்ஸ்அப் வழியாகப் பரவிற்று. மே மாதம் 9ஆம் நாள், திருவண்ணாமலை மாவட்டம் போளூரை யடுத்த அத்திமூரில், குலதெய்வ வழிபாட்டின்பொருட்டுக் காரிற் சென்ற ஒரு குடும்பத்தார் வழியிற் குழந்தைகட்கு மிட்டாய் கொடுத்தனர். அதுகண்டு திரண்ட கூட்டம் அவர்களை அடித்தது. அறுபத்தைந்து அகவையுடைய மூதாட்டியார் உயிர்நீத்தார். கோயிலுக்குச் சென்ற கிழவி குழந்தைக்கு இனிப்புக் கொடுத்தல் நம் நாட்டில் என்றும் உள்ளது. அக்கையைக் கொலைஞர் கையென்று காட்டியது எது? கண்ணில் நோயில்லை; நண்பகலில் இருளில்லை. முன்னரே செவிவழி உட்புகுந்திருந்த ஐதிகம் கண்ணின் முன் நின்று காட்டிற்று.

அச்சமும் அளவையும்

முழுப்பொய்யை அறிதல் ஒருவாறு எளிது. மெய்யோடு கலந்த பொய்யை அறிதலே அரிது. அதற்கு எம் எல்லையிலேயே உதாரணம் உண்டு.

முல்லைப் பெரியாற்றணை 1895ஆம் ஆண்டு முடிக்கப்பட்டது. 1979ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் குஜராத்தில் மோர்வி நகரை ஓர் அணையின் உடைப்பு அழித்தபின், பெரியாற்றணையின் வலிமை பற்றிய அச்சமும் மிகுந்து, அவ்வாண்டே நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. அன்றுமுதல் மலைக்கு அப்பாலுள்ளார் வெள்ளத்திற்கு அஞ்சுகின்றனர். இப்பாலுள்ளார் வறட்சிக்கு அஞ்சுகின்றனர். இரண்டச்சமும் மெய்யான அச்சங்களே. 2011ஆம் ஆண்டு டிசம்பரில் இவ்வச்சங்கள் மோதின. குமுளியிற் பூசல் மூண்டது, எல்லைவழி அடைபட்டது, உடும்பன்சோலைப் பக்கத்து ஏலத்தோட்டங்களிலிருந்த தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் தாக்கப்பட்டும் அச்சுறுத்தப்பட்டும், மூட்டை முடிச்சுகளோடும் கைக்குழந்தைகளோடும் காட்டுவழியே போடிப் பக்கம் இறங்கின. இது நிகழ்ந்த உண்மை.

ஆயின் அவர் இறங்குமுன்னரே செய்தி இறங்கிற்று. அந்நாளில் யாம் போடிக் கடைத்தெருவில் நின்று கேட்டபோது, காலையில் ஒருவர்க்கு நேர்ந்ததாகச் சொல்லப்பட்டது நண்பகலில் ஐவர்க்கும், மாலையில் எண்ணிறந்தோர்க்கும் நேர்ந்ததாயிற்று. 'நீர் கண்டீரோ?' என்று கேட்டால், 'கண்டவர் சொன்னார்' என்பர். கண்டவர் யாரெனின், அவரும் பிறரைக் காட்டுவர். மறுபுறத்தும் இவ்வாறே சொல்லப்பட்டிருக்கும் என்பதில் ஐயமில்லை. தமிழ்நாட்டில், யாதோர் குற்றமும் செய்யாது பல்லாண்டு வாழ்ந்த மலையாளிகளின் கடைகள் உடைக்கப்பட்டன. உண்மையிற் பட்ட துன்பம் எவ்வளவு, கூட்டிச் சொல்லப்பட்டது எவ்வளவு என்று பிரித்தறிய ஒருவரும் பொறுத்திலர். கூட்டிச் சொன்னமையால், உண்மையிற் பட்டவர்தம் சொல்லும் பின்னர் ஐயுறப்பட்டதே இதில் நேர்ந்த பெருங்கேடு. ஒன்று நடந்ததைப் பத்தென்றவன், அந்த ஒன்றையும் அழித்தவனாவான்.

ஈண்டு நம் நூல் ஒரு நுட்பம் கூறுகின்றது. காண்டல் நான்கனுள் தன்வேதனைக் காட்சி என்பதொன்று. இன்பதுன்பங்களை உயிர் தன்னகத்தே நேரே உணர்தல் அது. 'யான் அஞ்சுகின்றேன்' என்னும் உணர்வு ஒருபோதும் பொய்யாகாது. ஆயின் அது சான்றாவது அச்சம் உண்டென்பதற்கே. அஞ்சப்பட்ட பொருள் வெளியில் உண்டென்பதற்கு அன்று. கனவிற் புலி கண்டு அலறினவனது நடுக்கம் மெய், புலி பொய். உள்ளங் கொதிக்கின்றது, ஆகவே செய்தி மெய்யென்று கொள்வோர், தன்வேதனைக் காட்சியை வாயிற்காட்சியின் இடத்தில் வைத்து மயங்குகின்றனர்.

பின்னர் 2014ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் உச்சநீதிமன்றம், அணை வலிமையுடையதென்று கண்டு 142 அடிவரை நீர் தேக்கலாமெனத் தீர்ப்பளித்தது. 2021ஆம் ஆண்டு அக்டோபரில் கேரள முதலமைச்சர் பினராயி விஜயன் அவர்களே, அணைக்கு ஆபத்தில்லையென்றும், பொய்ப் பரப்புவோர்மேல் நடவடிக்கை எடுக்கப்படுமென்றும் சட்டமன்றத்திற் கூறினர். எனினும் 2024ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் வயநாட்டில் மலை சரிந்து பெருஞ்சாவு நேர்ந்தபோது, அணையைப் பற்றிய பழைய அச்சம் இணைய வழியே மீண்டும் எழுந்தது. மெய்யான துயரம் ஒன்று வரும்போதெல்லாம் பொய் அதன் நிழலில் நடந்து வரும் என்பது இதனால் விளங்கும்.

இதற்கு வேர் யாதெனின், உமாபதி சிவாசாரியர் திருவருட்பயனுள் இருண்மல நிலை கூறுமிடத்து உணர்த்திய உண்மையை நினைக. புற இருள் பிற பொருளை மறைக்குமேனும், தான் இருளென்பதையாவது காட்டும். ஆணவமோ பொருளையும் மறைத்துத் தன்னையும் மறைக்கும். அறியாதவன் தன்னை அறியாதவனென்று அறிந்தால் விளக்குத் தேடுவான். பொய்யை நம்பினவனோ தன் கையில் விளக்கு இருக்கின்றதென்றே எண்ணியிருக்கின்றான்.

எமது பிழை

இதுகாறும் பிறர்மேல் வைத்துக் கூறினோம். எம்மேல் உள்ளதையும் கூறாது விடுதல் நேர்மையன்று.

மேற்சொன்ன 2018ஆம் ஆண்டு மே மாதத்தில், பிள்ளை பிடிப்போர் பற்றிய குரற்செய்தியொன்று எமக்கும் வந்தது. அத்திமூர்ச் செய்தி அப்போது எம் செவிக்கு எட்டவில்லை. யாம் திருமுறை வகுப்பு மாணாக்கர்க்கென வைத்திருந்த குழுவில், 'குழந்தைகளைக் காத்துக்கொள்க' என ஒருவரி கூட்டி அதனை விடுத்தோம். நன்மை கருதியே செய்தோம். அனுப்பியவர் யார், அவர்க்கு யார் அனுப்பினார் என்று வினவினோமல்லேம்.

அவ்வாரத்திலேயே, தோட்டக் குடியிருப்புகளில் தேவாரம் பாடி அரிசி ஏற்று வாழும் அடியார் ஒருவரை, முந்தலில் தேநீர்க்கடை யருகே சிலர் வளைத்துக்கொண்டனர். நீறு பூசிய மேனி, சடைமுடி, தோளில் பை. பையைக் கவிழ்த்தபோது கற்கண்டுப் பொட்டலங்கள் விழுந்தன. கோயிற் பிரசாதமாகக் குழந்தைகட்குக் கொடுக்க அவர் வைத்திருந்தவை. குரற்செய்தி இனிப்பைப் பற்றியும் சொல்லியிருந்தது. அடி விழுந்தது. அவரை அறிந்த ஜீப் ஓட்டுநர் ஒருவர் இறங்கி மறித்திராவிடின் யாது நேர்ந்திருக்கும் என்பதை எண்ணவே நெஞ்சம் நடுங்குகின்றது. அடித்தவருள் ஒருவர் எம்மிடம் திருமுறை கற்பவர். யாம் கடிந்து வினவியபோது அவர் தலைகுனிந்து, 'ஐயா, வேறு யார் அனுப்பியிருந்தாலும் ஐயுற்றிருப்பேன். தாங்கள் அனுப்பியதாயிற்றே' என்றார்.

அச்சொல் எமக்கு ஐதிகத்தின் முழு இலக்கணத்தையும் கற்பித்தது. முதற் சொன்னவன் தெரியாத சொல்லுக்கு ஆப்தன் இல்லை என்று யாம் வகுப்பிற் கூறிவந்தோம். அஃது உண்மையே, ஆயின் விடுப்போர் ஒவ்வொருவரும் தத்தம் ஆப்தத்தன்மையை அதற்குக் கடனாகக் கொடுக்கின்றனர். தலையில்லாச் சொல் வந்தது; யாம் எம் தலையை அதற்கு ஒட்டி அனுப்பினோம். ஆசிரியனென்னும் பேராற் பெற்ற நம்பிக்கை, சிவஞான போதம் பன்னிரண்டாஞ் சூத்திரம் அரனெனவே தொழுமாறு விதிக்கும் திருவேடத்தின்மேல் அடியாக விழுந்தது. அடியாரிடம் சென்று வீழ்ந்து வணங்கிப் பொறுத்தருள வேண்டினோம். அவர் நீற்றை எடுத்து எம் நெற்றியில் இட்டு, ஒன்றும் சொல்லாது மலையேறிவிட்டார்.

கடாவும் விடையும்

முதற் கடா: ஐதிகம் இத்துணைக் குறையுடையதாயின், வழிவழி வந்த தலமரபுகளும், ஆசிரியர் வாய்க் கேட்ட சந்தான மரபும் தள்ளப்படுமோ எனின், அற்றன்று. இரண்டும் தொடர்ச்சியே, ஆயின் குருமரபில் கண்ணிதோறும் பெயருண்டு. கயிலாயத்தில் நந்திதேவர் முதலாகப் பரஞ்சோதியார் ஈறாகவும், திருவெண்ணெய்நல்லூர் மெய்கண்டார் முதலாக உமாபதியார் ஈறாகவும் யார் யார்க்கு உரைத்தார் என்பது சொல்லப்படும். கேட்டவர் சிந்தித்துத் தெளிந்து, நிட்டைகூடிய பின்னரே பிறர்க்கு உரைத்தனர். திருமடங்களில் ஏடு பெயர்த்தெழுதியபோதும், பிரதிகளை ஒப்புநோக்கிப் பாடபேதம் காட்டுதல் நன்முறையாகக் கொள்ளப்பட்டது. தலமரபுகளையோ, பத்திக்குத் துணையாகும் அளவிற் போற்றுகின்றோம். அவற்றைக்கொண்டு எவரையும் தண்டிப்பதில்லை. வாட்ஸ்அப் வரவில் பெயரில்லை, சிந்தித்தல் இல்லை, ஒப்புநோக்கல் இல்லை. விரல் அசைவு ஒன்றே உண்டு.

இரண்டாங் கடா: மெய்ப்பொருள் நாயனார், முத்தநாதனது பொய்வேடத்தையும் மெய்யெனவே கொண்டு வணங்கினாரே, ஐயுறாது நம்புதலன்றோ அடியார் நெறி எனின், நன்று கடாவினீர். அவ்வரலாற்றை ஈறுவரை நோக்குக. புத்தகப் பையில் மறைத்த படையால் குத்துண்டவர் நாயனாரே. நம்பியதன் விலையைத் தம் உயிராற் கொடுத்தார். அதன்பின்னும், வாளோங்கிய தத்தனைத் தடுத்து, பகைவனை ஊரவர் தீண்டாதபடி எல்லை கடத்திவிடப் பணித்தார். திரண்ட கூட்டத்தினின்றும் பகைவனைக் காத்தார். நம் காலத்து நம்பிக்கையோ, விலையைப் பிறர்தலையிற் கட்டித் தான் கூட்டத்தோடு நிற்கின்றது. நாயனாரை இதற்குச் சான்றாகக் காட்டுதல் பொருந்தாது.

மூன்றாங் கடா: யாம் பொய்யைப் படைத்தோமல்லேம், வந்ததைக் கொடுத்தோம், எமக்கு வினை எங்ஙனம் எனின், வினை மனம் வாக்குக் காயம் மூன்றானும் நிகழும், உயிர்கட்கு இதஞ் செய்ததோ அகிதஞ் செய்ததோ என்பது பற்றியே அது புண்ணிய பாவமாம். விரலால் விடுத்த சொல்லும் வாக்கே. நஞ்சைக் காய்ச்சினவன் வேறு, கிண்ணத்திற் கொண்டுவந்து கொடுத்தவன் வேறெனினும், உண்டவன் இறந்தவழிக் கிண்ணம் ஏந்தியவன் கை வெறுங்கையாகாது. அறியாது செய்தமை வினையின் கடுமையைக் குறைக்கலாம். அறிய முயலாமையோ தானே ஒரு குற்றம்.

ஒழுகலாறு

காண்டல் முதலியன யாவும் கருவியே. ஐயமுந் திரிவுமின்றி அறியும் ஆன்மசிற்சத்தியே உண்மை அளவை என்பது சைவ நூலோர் துணிபு. ஆகலின், கைப்பேசி எத்துணை விரைந்ததாயினும் அது கருவியின் கருவியேயாம். பொறுப்பு அறிவுடைய உயிரின்மேலது. 2018ஆம் ஆண்டு ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம், ஒரு செய்தியை ஒருமுறையில் ஐந்து இடங்கட்குமேல் விடுக்கவொண்ணாதபடி இந்தியாவில் எல்லை வகுத்தது; 2020ஆம் ஆண்டு ஏப்ரலில், பலகால் கைமாறிய செய்தியை ஒருமுறைக்கு ஓரிடத்திற்கே அனுப்பலாமென்றது. நல்லதே. ஆயினும் ஓரிடமென்பது நூற்றுக்கணக்கானோர் கூடிய ஒரு குழுவாகவும் இருக்கலாம். கருவிக்கு இட்ட கட்டு அறிவுக்கு இட்ட விளக்கு ஆகாது.

ஒரு செய்தி வந்தால் நான்கு வினா எழுப்புக. முதற்கட் சொன்னவர் யார்? அவர் கண்டு சொன்னாரோ, கேட்டுச் சொன்னாரோ? படத்திற் கண்டது எவ்வளவு, அதன்மேல் எழுதப்பட்ட சொல் எவ்வளவு? இது பொய்யாயின் இழப்பு யார்க்கு? முதல் மூன்றற்கு விடை தெரியாவிடின் ஐயத்தில் நிற்க. நான்காவதற்கு விடை 'எனக்கன்று, பிறர்க்கு' என வரின், கையை மடக்குக. முன்பு விடுத்தது பொய்யென்று தெரிந்தவழி, விடுத்த இடந்தோறும் சென்று 'யாம் பிழைத்தோம்' என்று கூறுதல் கழுவாயாம். வாளா அழித்துவிட்டு இருத்தல் கழுவாயன்று.

திருமடங்களிலும் பாடசாலைகளிலும் சித்தியார் பயிற்றும் ஆசிரியர்கட்கு எம் வேண்டுகோள் ஒன்று. அளவைப் பகுதியைக் கடந்துபோகற்க. ஆலமரத்துப் பேயென்னும் உதாரணத்தோடு அத்திமூரையும், திருப்பூரையும், போடிமெட்டையும் சேர்த்துச் சொல்லுக. 2011ஆம் ஆண்டில் அஞ்சி இறங்கியவர் நம்மவர். 2023ஆம் ஆண்டில் நம் நாட்டில் அஞ்சி நின்றவர் பிறர். அவ்வச்சம் எத்தகையதென்பது நமக்கே தெரியும்; ஆகலின் பிறர்க்கு அதனை உண்டாக்காதிருத்தல் நமக்கு இரட்டிப்புக் கடன். ஏலத்தோட்டங்களில் இன்று வடநாட்டுத் தொழிலாளரும் நம் பெண்டிரோடு சேர்ந்து காய் பறிக்கின்றனர் என்பதையும் மறவற்க.

சகலாகம பண்டிதரென்று பெயர்பெற்றிருந்த அருணந்தியார், திருவெண்ணெய்நல்லூரில் மெய்கண்டாரை அடைந்து, ஆணவ மலத்தின் இயல்பு யாதென வினவியபோது, அவர் வாய்திறவாது வினவியவரையே நோக்கினர் என்பது மரபு. ஆகமமெல்லாம் கற்றவர் அந்நோக்கின் பொருளுணர்ந்து திருவடியில் வீழ்ந்தார். அளவையிலக்கணம் அருளிய சித்தியார் அவர் வாயினின்றே நமக்குக் கிடைத்தது. பொய்ச்செய்திக்கு மூலம் எவனோ ஒருவன் எங்கோ இருக்கின்றானென்று தேடுவோர் தேடுக. அரசுக்கும் காவலர்க்கும் அது கடன். முந்தல் தேநீர்க்கடையருகே சிந்திய கற்கண்டைக் கண்டபின், எமக்கு அத்தேட்டம் முதலில் எம் கைப்பேசியில் தொடங்குகின்றது.

மெய்கண்ட சந்தானம் வாழ்க.

திருச்சிற்றம்பலம்